விண்வெளிப் போர் விளையாட்டுகளில் சண்டைக்கலங்களை ஒப்பிடும் முறை: கையாளுதலும் ஆயுதங்களும்

விண்வெளிப் போர் விளையாட்டு எதுவானாலும் ஆட்டக்காரருக்கு முதலில் எழும் கேள்வி, எந்தக் கலத்தில் ஏறுவது என்பதுதான். 1990-இல் வெளிவந்த விங் கமாண்டர் தொடங்கி 2020-இல் வந்த ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ் வரை, கலங்களின் வேகம், ஷீல்டு (கலத்தைச் சூழ்ந்து காக்கும் ஆற்றல் கவசம்), ஆயுதம் ஆகியவற்றைப் பற்றிய விவரங்கள் கையேட்டிலோ திரையிலோ ஏதோ ஒரு வடிவில் நமக்குக் கிடைக்கின்றன. அந்த விவரங்களைத் தனித்தனியாக எடுத்து, இதன் வேகம் அதிகம், அதன் துப்பாக்கி வலியது என்று வரிசைப்படுத்துவதே பெரும்பாலோர் செய்வது. அந்த வரிசை சண்டையில் உதவாமல் போவதற்குக் காரணம் உண்டு. எதிரியின் மேல் கலத்தின் மூக்கை, அதாவது முன்முனையை, எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது, அந்த நேரத்துக்குள் எவ்வளவு சேதம் எதிரியைச் சென்றடைகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் ஒரு சண்டைக்கலத்தின் வலிமை ஆகின்றன. முதலாவது கையாளுதலைச் சேர்ந்தது, இரண்டாவது ஆயுதத்தைச் சேர்ந்தது. ஆனால் எந்த ஆயுதம் சிறந்தது என்பதைக் கையாளுதலே தீர்மானிக்கும் என்பதால், ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் அளப்பது பாதி வேலைதான்.

எண்கள் எங்கே கிடைக்கின்றன

ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென ஓர் அளவுமுறையை வைத்திருக்கிறது. எக்ஸ்-விங், டை ஃபைட்டர் வரிசை விளையாட்டுகளில் வேகம் எம்ஜிஎல்டி என்ற அலகில் சொல்லப்படுகிறது: எக்ஸ்-விங் 100, ஒய்-விங் 80, ஏ-விங் 120, டை ஃபைட்டர் 100, டை இன்டர்செப்டர் 111. எலீட் டேஞ்சரஸ் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்கிறது. 1999-இல் வெளியான ஃப்ரீஸ்பேஸ் 2 இவற்றையெல்லாம்விட ஒரு படி மேலானது என்றே சொல்வேன். அதன் கலங்களும் ஆயுதங்களும் சாதாரண உரைக்கோப்பில் அட்டவணைகளாக எழுதப்பட்டுள்ளன. கலங்களின் அட்டவணையில் அதிகபட்ச வேகமும், ஒவ்வோர் அச்சிலும் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப எடுக்கும் நேரமும், முடுக்கமும் தனித்தனி வரிகளாக இருக்கும். ஆயுதங்களின் அட்டவணையில் குண்டின் வேகம், இரு வெடிகளுக்கு இடையேயான காத்திருப்பு, சேதம், ஷீல்டுக்கும் உடலுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் உரிய பெருக்கெண்கள், வெடி ஒன்றுக்குச் செலவாகும் ஆற்றல் ஆகியவை இருக்கும். ஒப்பிடும் கலையைப் பழகத் தொடங்குபவர் இந்த விளையாட்டில் தொடங்குவது நல்லது. தான் அளந்தது சரியா என்று அட்டவணையோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

ஒரு விளையாட்டின் எண்ணை வேறொரு விளையாட்டின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரே விளையாட்டுக்குள் இருக்கும் இரண்டு கலங்களுக்கிடையிலான விகிதம்தான் நமக்கு வேண்டும்.

திரும்பும் திறனை அளப்பது

எதிரிகள் இல்லாத வெற்றிடத்தில், தொலைவில் அசையாமல் நிற்கும் ஒரு நட்சத்திரத்தையோ நிலையத்தையோ குறியாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கை மேல்நோக்கி இழுக்கும் பிட்ச் அசைவை முழு அளவுக்குக் கொடுத்து, அந்தக் குறி மீண்டும் குறுக்குக்கோட்டில் வந்து சேரும்வரை நேரத்தைக் குறியுங்கள். தொடர்ந்து சில சுற்றுகள் சுற்றி, மொத்த நேரத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பொத்தானை அழுத்துவதில் வரும் பிழை குறையும். பிறகு இடம் வலமாகத் திரும்பும் யா அசைவுக்கும், தன்னச்சில் உருளும் ரோல் அசைவுக்கும் இதையே செய்யுங்கள். மூன்று அச்சுகளிலும் ஒரே வேகத்தில் திரும்பும் கலம் அரிது. எலீட் டேஞ்சரஸில் யா அசைவு மிக மெதுவானது. எனவே அங்கே பக்கவாட்டில் இருக்கும் எதிரியை நோக்கித் திரும்ப, முதலில் உருண்டு எதிரியைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, அதன்பின் மூக்கை இழுப்பதுதான் விரைவான வழி. அப்படிப்பட்ட விளையாட்டில் ரோல் வேகமும் பிட்ச் வேகமும் சேர்ந்தே மதிப்பிடப்பட வேண்டும்.

இந்தச் சோதனையைத் திராட்டிலின், அதாவது வேகக் கட்டுப்பாட்டின், வெவ்வேறு நிலைகளில் திரும்பச் செய்வது கட்டாயம். எக்ஸ்-விங் வரிசையில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் கலம் மிக விரைவாகத் திரும்பும், அந்த வேகத்துக்கென்றே ஒரு தனி விசையும் உண்டு. எலீட் டேஞ்சரஸில் வேகமானியில் நீல நிறப் பகுதி ஒன்று காட்டப்படுகிறது, வேகம் அதற்குள் இருக்கும்போது திருப்பம் சிறப்பாக இருக்கும். ஸ்குவாட்ரன்ஸில் அது பாதித் திராட்டில். முழு வேகத்தில் மட்டும் சோதித்துவிட்டு ஒரு கலத்தை மந்தமானது என்று ஒதுக்கிவிடுவது, சண்டையில் யாரும் பயன்படுத்தாத நிலையில் வைத்து அதைத் தீர்ப்பிடுவதாகும்.

சுற்று நேரம் கிடைத்ததும் திருப்ப ஆரத்தைக் கணக்கிடுங்கள். வேகத்தைச் சுற்று நேரத்தால் பெருக்கி 6.28-ஆல் வகுத்தால் ஆரம் கிடைக்கும். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் 6 நொடியில் ஒரு சுற்றுத் திரும்பும் கலத்தின் ஆரம் ஏறத்தாழ 95 மீட்டர். நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் 9 நொடியில் திரும்பும் கலத்தின் ஆரம் ஏறத்தாழ 100 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே வட்டத்தில் சுற்றுகின்றன என்றாலும், முதலாவது நொடிக்கு 60 பாகையும் இரண்டாவது 40 பாகையும் திரும்புகின்றன. ஒரே வட்டத்தின் எதிரெதிர்ப் புள்ளிகளில் இரண்டும் சுழலத் தொடங்கினால், நொடிக்கு 20 பாகை வீதம் முன்னேறும் முதல் கலம் 9 நொடியில் இரண்டாவதன் வாலைப் பிடித்துவிடும். இந்த 9 நொடிதான் ஒப்பீட்டின் உண்மையான விளைவு. வெறும் பாகைக் கணக்கைவிட இது ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பயன்படும்.

எண்களில் வராத ஒன்றும் உண்டு. கட்டுப்பாட்டுக்கோலை விட்டவுடன் மூக்கு அந்த இடத்திலேயே நிற்கிறதா, அல்லது சற்று மேலே போய்த்தான் அடங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். விரைவாகத் திரும்பும் கலம் விரைவாக நிற்காவிட்டால், குறி எதிரியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அந்த ஊசலாட்டத்தில் வீணாகும் நேரம் திருப்ப வேகத்தால் கிடைத்த ஆதாயத்தை விழுங்கிவிடும். ஒரு நட்சத்திரத்திலிருந்து மற்றொரு நட்சத்திரத்துக்குக் குறியை மாற்றி, அது முழுதாக நிலைகொள்ளும் வரை எடுக்கும் நேரத்தை அளந்தால் இது தெரிந்துவிடும். அதேபோல மூக்கு திரும்பியபின்னும் கலம் பழைய திசையிலேயே சறுக்கிக்கொண்டு போவதைப் பாருங்கள். நிறை அதிகமான கலங்களில் இந்தச் சறுக்கல் நன்றாகவே தெரியும். எலீட் டேஞ்சரஸில், கலத்தின் போக்கை மூக்கின் திசைக்குத் தானே திருத்தும் பறத்தல் உதவியை அணைத்துவிட்டால் சறுக்கலே ஓர் ஆயுதமாகிறது. கலம் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்க, மூக்கு மட்டும் பின்னால் வரும் எதிரியைப் பார்க்கும். எனவே அந்த விளையாட்டில் ஒவ்வொரு கலத்துக்கும் உதவியோடும் உதவி இல்லாமலும் என இரண்டு பதிவுகள் வேண்டும்.

வேகத்தின் இடம்

அதிகபட்ச வேகம், சண்டையைத் தொடங்குவதும் முடிப்பதும் யார் கையில் என்பதைச் சொல்கிறது. டை இன்டர்செப்டர் 111, ஏ-விங் 120. ஆகவே ஏ-விங் விலகிப் போக முடிவெடுத்தால் இன்டர்செப்டரால் அதைப் பிடிக்க இயலாது. எக்ஸ்-விங்கும் டை ஃபைட்டரும் சமவேகம் என்பதால், ஆற்றலை லேசரிலிருந்தோ ஷீல்டிலிருந்தோ என்ஜினுக்கு மாற்றுபவர் முந்துகிறார். அப்படி எடுத்துக்கொடுக்க ஷீல்டு என்ற ஒன்றே டை ஃபைட்டரிடம் இல்லை. 80 வேகம் கொண்ட ஒய்-விங்குக்கு ஓடித் தப்பும் வழி கிடையாது. அதன் பாதுகாப்பு ஷீல்டின் கனத்திலும் அயனி பீரங்கியிலும்தான் இருக்கிறது. துரத்தலின் நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். 1,000 மீட்டர் இடைவெளியை நொடிக்கு 20 மீட்டர் கூடுதல் வேகத்தில் மூட 50 நொடி ஆகும், அதற்குள் ஒரு சண்டையின் போக்கே மாறிவிடும். சிறிது நேரத்துக்கு வேகத்தைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர் உள்ள விளையாட்டுகளில் அதன் எரிபொருள் எத்தனை நொடிக்குப் போதும், மீண்டும் நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயுதத்தின் கணக்கு

ஒரு வெடியின் சேதத்தைக் காத்திருப்பு நேரத்தால் வகுத்தால் நொடிக்கான சேதம் கிடைக்கும். இது தொடக்கம் மட்டுமே. அடுத்து அந்தச் சேதம் எதன்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எலீட் டேஞ்சரஸில் லேசர்கள் ஷீல்டைக் கரைப்பதிலும், மல்டி-கேனன் போன்ற குண்டு ஆயுதங்கள் உடலைத் துளைப்பதிலும் சிறந்தவை. ஃப்ரீஸ்பேஸ் 2-இல் சர்சி ஷீல்டை உரிப்பதற்கென்றே உள்ள துப்பாக்கி, மாக்ஸிம் உடலைச் சிதைப்பதில் வலிமையும் ஷீல்டின்மேல் பலவீனமும் கொண்டது.

இதைப் புரிந்துகொள்ள, கற்பனையான இரண்டு துப்பாக்கிகளை வைத்துக் கணக்கிடுவோம். முதல் துப்பாக்கி 0.2 நொடிக்கு ஒருமுறை 15 சேதம் தருகிறது, அதாவது நொடிக்கு 75. அதன் ஷீல்டுப் பெருக்கெண் 0.6, உடல் பெருக்கெண் 1. இரண்டாவது 0.5 நொடிக்கு ஒருமுறை 40 தருகிறது, அதாவது நொடிக்கு 80. அதன் ஷீல்டுப் பெருக்கெண் 1, உடல் பெருக்கெண் 0.7. எதிரிக்கு 300 ஷீல்டும் 200 உடல் வலிமையும் இருந்தால், முதல் துப்பாக்கிக்கு 9.3 நொடியும் இரண்டாவதற்கு 7.3 நொடியும் வேண்டும். தாளில் இரண்டாவது வென்றுவிட்டது.

இப்போது ஆற்றலைச் சேர்த்துப் பாருங்கள். கலத்தின் ஆயுதச் சேமிப்பு 100 அலகு, நொடிக்கு 12 அலகு நிரம்புகிறது என்று கொள்வோம். இரண்டாவது துப்பாக்கி நொடிக்கு 30 அலகு உறிஞ்சினால், ஐந்தரை நொடியில் சேமிப்பு காலியாகிவிடும். அதன்பின் நிரம்பும் வேகத்துக்கு ஏற்பத்தான், அதாவது ஐந்தில் இரண்டு பங்கு வேகத்தில்தான், அது சுட முடியும். எதிரி வீழ ஏறத்தாழ 10 நொடி ஆகிறது. முதல் துப்பாக்கி நொடிக்கு 14 அலகு மட்டுமே எடுக்குமானால், அது 9.3 நொடியும் தடையின்றிச் சுட்டு முந்திவிடுகிறது.

இங்கேதான் கையாளுதல் உள்ளே வருகிறது. மேற்சொன்ன கணக்கு, மூக்கு 10 நொடியும் எதிரியின் மேலேயே நிற்கிறது என்ற அனுமானத்தில் போட்டது. நன்றாகத் திரும்பும் கலம் எதிரியின் வாலில் ஒட்டிக்கொண்டு அப்படி நிற்கக்கூடும். மந்தமாகத் திரும்பும் கலத்துக்கோ இரண்டு நொடி வாய்ப்பு, ஐந்து நொடி இடைவெளி, மீண்டும் இரண்டு நொடி என்றுதான் நேரம் கிடைக்கும். இரண்டு நொடி சுட்டால் இரண்டாவது துப்பாக்கிக்குச் செலவு நிகரமாக 36 அலகு, அடுத்த ஐந்து நொடியில் அது முழுவதும் நிரம்பிவிடும். சேமிப்பு ஒருபோதும் காலியாவதில்லை, ஒவ்வொரு வாய்ப்பிலும் முழுச் சேதத்தைக் கொடுக்கிறது. அந்த இடைவெளியில் எதிரியின் ஷீல்டும் மீண்டெழும் என்பதால், ஒரே பாய்ச்சலில் அதிகம் கொடுப்பதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஆகவே அதே துப்பாக்கி மந்தமான கலத்தில் சிறந்ததாகவும், சுறுசுறுப்பான கலத்தில் இரண்டாந்தரமாகவும் அமைகிறது. எந்தத் துப்பாக்கி நல்லது என்று கலத்தைச் சொல்லாமல் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடையாது.

குண்டின் வேகத்தைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் வேகமான எதிரிகளுக்கு எதிராக இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. 600 மீட்டர் தொலைவில் உள்ள எதிரியை நொடிக்கு 450 மீட்டர் போகும் குண்டு 1.33 நொடியில் அடைகிறது, 900 மீட்டர் போகும் குண்டு 0.67 நொடியில் அடைகிறது. நேர்க்கோட்டில் போகும் எதிரிக்கு முன்னால் குறிவைத்தால் இரண்டும் படும். எதிரி நொடிக்கு நொடி 40 மீட்டர் வீதம் பக்கவாட்டில் முடுக்கினால், முதல் குண்டு வந்து சேர்வதற்குள் அவர் கணித்த இடத்திலிருந்து 36 மீட்டர் விலகியிருப்பார், இரண்டாவது குண்டுக்கு 9 மீட்டர் மட்டுமே. குண்டின் வேகம் இரட்டிப்பானால் எதிரியின் தப்பிப்பு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. அட்டவணையில் எழுதப்பட்ட எட்டும் தூரம் எதுவானாலும், எதிரியின் அகலத்தைவிட இந்த விலகல் அதிகமாகும் தூரத்துக்கு அப்பால் அந்தத் துப்பாக்கி சுறுசுறுப்பான எதிரியின்மேல் பயன்படாது. பெரிய, மெதுவான குண்டுவீச்சுக் கலங்களுக்கு எதிராக இந்தக் குறை பொருட்டல்ல.

துப்பாக்கிகள் எங்கே பொருத்தப்பட்டுள்ளன என்பதையும் பாருங்கள். எக்ஸ்-விங்கைப் போல இறக்கை நுனிகளில் துப்பாக்கி இருந்தால், குண்டுகளின் பாதைகளுக்கு இடையே சிறிய எதிரி தப்பிவிட இடமிருக்கிறது. நான்கு லேசர்களையும் ஒன்றாக இணைத்துச் சுட்டால் பட்டபோது பெரும் சேதம், ஒவ்வொன்றாகச் சுட்டால் அடிக்கடி வாய்ப்பு. சிறிய, விரைந்து நெளியும் எதிரிகளுக்குத் தனித்தனியாகச் சுடுவதே பெரும்பாலும் பலன் தரும்.

எலீட் டேஞ்சரஸில் ஒரே ஆயுதம் நிலையாகப் பொருத்தியது, ஓரளவு தானே குறிதேடும் கிம்பல், முழுதும் சுழலும் டரெட் என்று மூன்று வடிவங்களில் வருகிறது. நிலையானதில் சேதம் அதிகம், டரெட்டில் மிகக் குறைவு. கிம்பல் என்பது கையாளுதலில் உள்ள குறையைச் சேதத்தைக் கொடுத்து ஈடுகட்டுவதுதான். அந்த ஈடு எவ்வளவு பெறும் என்பது கலத்தைப் பொறுத்தது, எதிரி சாஃப் என்ற குறிகுழப்பும் துகள்களைத் தூவினால் கிம்பலின் குறி சிதறும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அங்கே பொருத்துமிடங்களின் எண்ணிக்கையைவிட அளவு முக்கியம். வல்ச்சர் இரண்டே இரண்டு பெரிய ஆயுதங்களை ஏந்துகிறது, வைப்பர் மார்க் 3 இரண்டு நடுத்தரமும் இரண்டு சிறியதுமாக நான்கை ஏந்துகிறது. சிறிய ஆயுதங்களின் துளைக்கும் திறன் குறைவு என்பதால், கடினமான உடல் கொண்ட பெரிய கலத்தின்மேல் அவற்றின் சேதம் வெட்டுப்பட்டுப் போகும். எண்ணிக்கையைப் பார்த்து வைப்பரை உயர்த்துபவர் இதைத் தவறவிடுகிறார். வல்ச்சருக்கு வேறொரு கட்டு உண்டு. அதன் மின்னாலை சிறியது, விரும்பிய ஆயுதம் எல்லாவற்றையும் ஷீல்டையும் ஒருசேர இயக்க அது இடங்கொடுக்காது.

ஏவுகணைகளைப் பொறுத்தவரை, குறி பூட்ட, அதாவது ஏவுகணை எதிரியை இலக்காகப் பற்றிக்கொள்ள, எடுக்கும் நேரத்தை மட்டும் கவனித்தால் பெரும்பாலும் போதும். ஃப்ரீஸ்பேஸ் 2-இல் ஹார்ப்பூனையும் ட்ரெபுஷேயையும் ஏவ எதிரியைச் சில நொடிகள் முன்னால் வைத்திருக்க வேண்டும், வெப்பத்தைத் தேடும் ராக்ஐ அதைக் கேட்பதில்லை. மந்தமான கலத்தில் பறப்பவர் தொலைவிலிருந்தே பூட்டக்கூடிய ட்ரெபுஷேயை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

சண்டையின் கட்டங்களில் வைத்துப் பார்ப்பது

அளந்த எண்களைச் சண்டையின் கட்டங்களோடு பொருத்துங்கள். நேருக்கு நேர் பாய்ந்து வரும்போது இருவரின் மூக்கும் எதிரியின் மேலேயே இருப்பதால், திரும்பும் திறனுக்கு வேலையில்லை. முன்பக்கச் சுடுதிறனும் முன்பக்க ஷீல்டும் மட்டுமே பேசும். விங் கமாண்டரில் எதிரியான கில்ராத்தி படையின் ஜால்தி என்ற கலத்தை நேராகச் சந்திக்கக் கூடாது என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். அதன் முன்பக்கத் துப்பாக்கிகள் கடுமையானவை, ஆனால் பின்னால் சென்றுவிட்டால் அது எளிய இரை. டை ஃபைட்டருக்கு ஷீல்டு இல்லாததால் நேர்ச்சந்திப்பு என்பதே தவிர்க்க வேண்டிய ஒன்று. கடந்து சென்றபின் வரும் சுழற்சிக் கட்டத்தில் திருப்ப வீதமும், துரத்தலில் வேகமும் குண்டின் வேகமும், விலகலில் ஆஃப்டர்பர்னரும் முன்னுக்கு வருகின்றன. ஃப்ரீஸ்பேஸ் 2-இன் பெர்சியஸையும் ஹெர்குலிஸ் மார்க் 2-ஐயும் எடுத்துக்கொண்டால், முதலாவது குண்டுவீச்சுக் கலங்களை இடைமறிக்க வேகத்தோடு உருவாக்கப்பட்டது, இரண்டாவது கனமான ஆயுதங்களோடு நின்று அடிக்க உருவாக்கப்பட்டது. எது மேல் என்பது, காக்க வேண்டிய கப்பலுக்கும் வரும் எதிரிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

இறுதிச் சோதனை

எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்க, ஒரே எதிரியை ஒரே நிபந்தனையில் இரண்டு கலங்களிலிருந்தும் எதிர்கொள்ளுங்கள். ஃப்ரீஸ்பேஸ் 2-உடன் வரும் ஃப்ரெட் 2 என்ற பணித்தொகுப்பியில் இதற்கான களத்தை நீங்களே அமைக்கலாம்: ஒரு குறிப்பிட்ட எதிரிக்கலம், குறிப்பிட்ட தூரம், உங்களுக்கு நீங்கள் விரும்பிய கலமும் ஆயுதமும். ஸ்குவாட்ரன்ஸில் பயிற்சிக் களம் உண்டு. ஆற்றல் பங்கீட்டை ஒரே அளவில் வைத்திருப்பதை மறந்துவிடாதீர்கள். எலீட் டேஞ்சரஸில் மொத்தம் ஆறு புள்ளிகளை ஷீல்டு உள்ளிட்ட அமைப்புகள், என்ஜின், ஆயுதம் ஆகிய மூன்றுக்கும் பகிர்கிறோம், ஒன்றுக்கு அதிகபட்சம் நான்கு. என்ஜினுக்கு நான்கு கொடுத்த கலத்தையும் இரண்டு கொடுத்த கலத்தையும் ஒப்பிட்டால் அளந்தது பங்கீட்டை, கலத்தை அல்ல.

ஒவ்வொரு சுற்றிலும் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: முதல் குண்டு பட்டதிலிருந்து எதிரி அழியும்வரை ஆன நேரம், சுட்டவற்றில் பட்டவற்றின் விகிதம், உங்கள் கலம் இழந்த ஷீல்டும் உடலும். பட்ட விகிதம் பல விளையாட்டுகளில் பணி முடிந்ததும் திரையிலேயே காட்டப்படும். சேதக் கணக்கில் உயர்ந்த துப்பாக்கி, பட்ட விகிதத்தில் தாழ்ந்திருந்தால், குண்டின் வேகத்தையோ கலத்தின் ஊசலாட்டத்தையோ சந்தேகியுங்கள். விகிதம் நன்றாக இருந்தும் நேரம் அதிகமானால், ஆற்றல் சேமிப்பைப் பாருங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கலத்தையும் துப்பாக்கியையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. குறிப்பேட்டின் தலைப்பில் விளையாட்டின் பதிப்பு எண்ணையும் எழுதிவையுங்கள். இணையத்தில் ஆடப்படும் விளையாட்டுகளில் ஆயுதங்களின் எண்கள் புதுப்பிப்புகளில் திருத்தப்படுகின்றன. ஃப்ரீஸ்பேஸ் 2-இன் மூலநிரல் 2002-இல் வெளியிடப்பட்ட பின் ஆர்வலர்கள் உருவாக்கிய தொகுப்புகள் பலவும் தங்களுக்கென மாற்றிய அட்டவணைகளோடு வருகின்றன. பதிப்பு மாறியிருந்தால், திருப்ப நேரத்தையும் துப்பாக்கியின் ஆற்றல் செலவையும் முதலில் மறுபடி அளந்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.